தேயற டயர்

“வண்டி வழுக்கல. நீதான் வழுக்க வச்சே.”

“நான் என்னங்க பண்ணேன்? திருப்பினேன். வளைவுல திருப்பாம நேராவா போவாங்க?”

“பிரேக்க மிதிச்சே.”

“மிதிக்கல.”

“மிதிச்சே. எனக்குக் காலுல தெரிஞ்சுது.”

“உங்க காலுக்குக் கீழ பிரேக்கே கெடையாது. சும்மா தரையப் போட்டு மிதிச்சுக்கிட்டு வர்றீங்க. இப்ப அந்தத் தரையக் கேளுங்க, யார் மிதிச்சதுன்னு சொல்லும்.”

தூறல் விட்டபாடில்லை. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, மலைப்பாதை கொண்டை ஊசியாக மடங்கும் இடத்தில், அந்தப் பச்சை வண்டி வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றது. பின்பக்கம் ரோடு வேலைக்காகக் கொட்டிவைத்த மணல் மேட்டில் புதைந்திருந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. துணிக்கூரையின் ஓட்டை வழியாக ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் டிரைவரின் வழுக்கைத் தலையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை. கோபத்தில் இருந்தார்.

டிரைவர் என்றால் இப்போது பெயருக்குத்தான். ஆயுளில் பாதியை பஸ் ஸ்டியரிங்கைச் சுற்றியே கழித்த மனுஷன். சுற்றிச் சுற்றி வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கை பாதிக்கு மேல் எழும்பாது. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள், கூடவே லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது இந்த வண்டி ஒன்றுதான். இங்கிலாந்தில் செய்த இரண்டு பேர் வண்டி. டிப்போ முதலாளியின் ஷெட்டில் கோழி முட்டையிடும் கூடாகக் கிடந்ததை இழுத்துவந்து, ஒவ்வொரு ஆணியாகத் தேடித் தேடி உயிர் கொடுத்தார். முன்விளக்கு இரண்டும் புடைத்துக்கொண்டு இருப்பதால் வீட்டில் அதற்குத் தவளை என்று பெயர்.

அவர் கை ஓய்ந்த பிறகுதான் அவர் மனைவி ஓட்டக் கற்றுக்கொண்டாள். செருப்புக் கடையில் நாளெல்லாம் அடுத்தவர் காலடியில் உட்கார்ந்து எழுகிற பொம்பளை. தெருவில் எல்லாருக்கும் அவள் கடைக்காரம்மா. அந்த வயதில் கிளட்ச் எது பிரேக் எது என்று படித்து, முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். ஆசைக்காக இல்லை. வீட்டில் உட்கார்ந்தால் அந்த மனுஷன் சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், படுக்கச் சொன்னால் படுப்பார். ஆனால் தவளையில் ஏற்றி மலைப்பாதையில் கொண்டுபோனால் வாய் திறந்துவிடும். எந்தப் பஸ்ஸில் எந்த கியர் சண்டித்தனம் பண்ணும், எந்தக் கண்டக்டர் நின்றுகொண்டே தூங்குவான், எல்லாம் வரும். வண்டி இறங்கி வீட்டு வாசலுக்கு வந்ததும் வாய் மூடிக்கொள்ளும். அதனால் வாரத்துக்கு இரண்டு காலையாவது அவள் வண்டியை எடுத்துவிடுவாள்.

இப்போது சண்டை ஓய்ந்து, மணலில் புதைந்து நிற்கும்போது அவர் வாய் மூடிவிட்டது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“பல் டாக்டரக் கூப்பிட்டு சொல்லிடறேன்,” என்றார் கடைசியில். “ரொம்ப நாளா இந்த வண்டிய விலைக்குக் கேட்டுக்கிட்டு இருக்காரு. ஊருக்குப் போயிருக்காரு, மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வருவாரு. வந்து ஓட்டிக்கிட்டுப் போகட்டும்.”

“ஒரு தடவ வழுக்கினதுக்கா?”

“அடுத்த தடவ மணல் இருக்காது. பள்ளம் இருக்கும்.”

அவள் எட்டிப் பார்த்தாள். பள்ளம் அங்கேதான் இருந்தது, மணலுக்கு அந்தப் பக்கம்.

மறுநாள் அவர் வழக்கம்போல பாலிஷ் டப்பாவும் துணியுமாக வண்டியின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். டயர்களுக்குக் கறுப்புப் பாலிஷ் போடுவது அவருடைய வாராந்திர வேலை. போட்டு முடித்ததும் எழுந்து, டிப்போ பழக்கமாக, ஒரு தடியால் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்ப்பார். ‘டங்’ என்று கேட்கும். “கல்லு மாதிரி இருக்கு,” என்பார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வரும். அன்றைக்கும் தட்டினார், சொன்னார். பெருமை மட்டும் வரவில்லை.

அவள் காப்பி டம்ளரோடு பக்கத்தில் நின்றாள்.

“என்ன சொன்னீங்க?”

“கல்லு மாதிரி இருக்குன்னேன். டயர்ல குத்தம் கண்டுபிடிக்கலாம்னு பாக்காத. மேல இருக்கற ரப்பர்ப் பட்டனப் பாரு, தேயாம சீப்புப் பல்லு மாதிரி நிக்குது. நம்ம பொண்ணு பள்ளிக்கூடம் போறப்போ போட்டது. எவ்வளவு ஓடியிருக்கும்? கல்யாண வீட்டுச் செருப்பு மாதிரி வச்சிருக்கேன்.”

அவர் வாயால் செருப்பு என்று வந்ததும் கடைக்காரம்மாவுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

கடையில் ஒருநாள் ஒருவர் வந்து கத்தினார். நல்ல விசேஷத்துக்குப் போடலாம் என்று பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்த ஷூவாம். விசேஷத்தன்று போட்டுக்கொண்டு படியேறினால், ஆள் மேல்படிக்குப் போய்விட்டார், அடிப்பாகம் கீழ்ப்படியிலேயே நின்றுவிட்டது. “ஒரு நாள்கூடப் போடலம்மா!” என்று சத்தம் போட்டார். “அதான் சார் கோளாறு,” என்று அவள் சொன்னாள். வைத்தே கெட்ட செருப்புகள் எத்தனையோ அவள் கையில் வந்திருக்கின்றன. தோல் பளபளவென்றிருக்கும். அடியில் கட்டைவிரலை வைத்து அமுக்கினால்தான் தெரியும்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். கட்டைவிரல் நகத்தை டயரில் அழுத்தினாள். நகம்தான் வளைந்தது.

“ஏங்க, ரப்பர் கல்லு மாதிரி இருக்கலாமா?”

“பின்ன பஞ்சு மாதிரியா இருக்கணும்?”

“ஈரத் தரையில கல்ல உருட்டினா வழுக்குமா, வழுக்காதா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “செருப்புக் கடைக்காரி டயருக்கு வைத்தியம் பாக்க வந்துட்டா,” என்றார். பாலிஷ் டப்பாவை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவள் விடவில்லை. டயர்க் கடை வைத்திருக்கும் கொழுந்தனுக்குப் போன் போட்டாள். அவன் அன்று சாயங்காலமே வந்தான். குண்டு ஆள், கலகலப்பான வாய். அண்ணன் முன்னால் மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிப்பான். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஒரு டயரின் பக்கவாட்டைத் தேய்த்தான். பாலிஷ் கரைந்து வந்தது. அதற்கடியில், வறண்ட குளத்துச் சேறு மாதிரி, மெல்லிய வெடிப்புகள் சுற்றிலும் ஓடின.

“அண்ணே.”

“என்னடா?”

“இதுல பொறந்த வருஷம் போட்டிருப்பான். படிக்கட்டுமா?”

“வேண்டாம்.”

“பாப்பா பள்ளிக்கூடம் போறப்போ போட்டதுதானே? அவளுக்கே இப்ப பல்லு விழுற வயசுல பையன் இருக்கான். இது செத்து எவ்வளவோ நாளாச்சுண்ணே. நீங்க பொணத்துக்குப் பவுடர் போட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க.”

“தம்பி!” என்றாள் அவள்.

கொழுந்தன் நாக்கைக் கடித்துக்கொண்டான். டிரைவர் அந்த வெடிப்புகளை வெகுநேரம் பார்த்தார். ஒரு விரலால் தடவினார். பிறகு, “டாக்டர் வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள நாலும் மாத்திடு,” என்றார். “யாரு ஓட்டினாலும் சரி. கெட்ட டயர்ல ஒரு ஆள உக்கார வச்சு நான் அனுப்ப மாட்டேன்.”

“அப்ப வழுக்கினது…” என்று அவள் ஆரம்பித்தாள்.

“டாக்டர்கிட்ட சொன்னது சொன்னதுதான்.”

இனி என்ன டயர் என்பதுதான் கேள்வி. கொழுந்தன் கடையில் அதற்கும் பதில் தயாராக இருந்தது: அகலமான, தட்டையான, பளபளக்கிற ஒரு ஜோடி.

“அண்ணே, இதப் போட்டா வண்டி புலி மாதிரி நிக்கும். டாக்டர் பாத்தார்னா அவர் பல்லையே கழட்டிக் குடுத்துருவாரு.”

டிரைவருக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. “தரையில ரப்பர் ஜாஸ்தி படும். பிடிப்பும் ஜாஸ்தி இருக்கும். போடு.”

முன்சக்கரம் இரண்டிலும் போட்டார்கள். கடை முற்றத்தில் தவளை, யாரோ பெரிய ஆளின் ஷூவை மாட்டிக்கொண்ட சின்னப் பிள்ளை மாதிரி நின்றது. அவள் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினாள். அசையவில்லை. இரண்டு கையாலும், பல்லைக் கடித்துக்கொண்டு, இருக்கையிலிருந்து எழும்பியே திருப்பினாள். பாதி திரும்பியதும் டயர் மட்கார்டில் உரசி ‘கீய்ய்’ என்று அலறியது. பக்கத்துக் கடை நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

“கையில பலம் இல்ல,” என்றார் டிரைவர். “இது ஆம்பள டயர்.”

அவள் இறங்கினாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

“நீங்க திருப்புங்க.”

“எனக்கெதுக்கு?”

“பலம் இருக்குல்ல? நின்னுக்கிட்டிருக்கற வண்டிதானே, லைசென்ஸ் வேண்டியதில்ல. திருப்புங்க.”

தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். அவர் ஏறி உட்கார்ந்தார். இடது கையால் இழுத்தார், வலது கையால் தள்ளினார். சக்கரம் கொஞ்சம் நகர்ந்தது. வலது தோள் மேலே போக வேண்டிய இடத்தில் நின்றுவிட்டது. அவர் முகம் வெளிறியது. சத்தம் போடவில்லை. கையை மெதுவாக மடியில் இறக்கி வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவளுக்கு ஏன் சொன்னோம் என்றாகிவிட்டது. குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

“கோளாறு உங்க பலத்துலயும் இல்ல, என் பலத்துலயும் இல்ல. இது இந்தக் காலுக்கு அளவு இல்லாத ஷூ. கடையில தெனம் பாக்கறேன். கால் சின்னதா இருக்கும், பெட்டியில பெருசாக் கேப்பாங்க. நடக்கறது ஷூ இல்லீங்க, காலுதான்.”

அவர் வண்டியை விட்டு இறங்கி, “டேய்,” என்று கூப்பிட்டார். “இதக் கழட்டு.”

“அண்ணே, பழைய அளவு ஒல்லி டயர். அத வெளியிலிருந்துதான் வரவழைக்கணும். பழைய வண்டிக்காரங்களுக்குன்னே இன்னும் செய்யறாங்க.”

“வரவழைங்க தம்பி,” என்றாள் அவள். “எத்தன தினுசு உண்டோ அத்தனையிலும் ஒவ்வொண்ணு காட்டுங்க. தொட்டுப் பாக்காம நான் எதையும் வாங்க மாட்டேன்.”

அன்று வீட்டில் பருப்புக் கடைசலும் ரொட்டியும். சாப்பிடும்போது அவள் சொல்லிவிட்டாள்.

“ஒண்ணு கேக்கறேன். புது டயர் போட்டதும், மழையில, அதே வளைவுல நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க. இம்மி வழுக்கினாலும் சாவிய நானே டாக்டர் கையில குடுத்துடறேன். அப்புறம் அதப் பத்தி வாயே திறக்க மாட்டேன்.”

“வழுக்கலேன்னா?”

“அத நீங்க சொல்லுங்க.”

அவர் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே இருந்தார். “நான் அதுல உன் பக்கத்துல உக்கார மாட்டேன்,” என்றார்.

அந்த இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒல்லி டயர்கள் மூன்று தினுசில் வந்தன. கொழுந்தன் கடைச் சுவரில் சாய்த்து வைத்து, ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தினான்.

“இது பழைய காலத்து மாடல் அண்ணி. பாக்க அசல் மாதிரியே இருக்கும். ஆனா ரோட்டுல ஒரு கோடு கெடந்தா வண்டி அந்தக் கோட்டுக்குப் பின்னாலயே போயிடும்.”

“எங்க வீட்லயே அப்படி ஒருத்தர் இருக்காரு. வேண்டாம். அடுத்தது?”

டிரைவர் கனைத்தார். சிரிப்பை அடக்கினாரா, கோபத்தையா என்று தெரியவில்லை.

“இது கெட்டி ரப்பர். தேயவே தேயாது. உங்க பேரன் ஓட்டுவான்.”

“இதான்,” என்றார் டிரைவர் உடனே.

அவள் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். நகம் இறங்கவில்லை. மூன்றாவதுக்குப் போனாள். அதில் நகம் இறங்கியது. எடுத்ததும் பிறை மாதிரி ஒரு தடம் நின்று மெல்ல மறைந்தது.

“இது மெது ரப்பர் அண்ணி. மழையில நல்லாப் பிடிக்கும். ஆனா சொல்லிட்டேன், சீக்கிரம் தேஞ்சிடும். வாரம் ரெண்டு தடவ மலை ஏறினீங்கன்னா சில வருஷத்துல வேற மாத்தணும்.”

“அதக் குடுங்க.”

“ஏய், தேயற டயரப் போய் யாராவது கேட்டு வாங்குவாங்களா?” என்றார் டிரைவர்.

“தேயாத டயர்தான் இத்தன வருஷம் வச்சிருந்தோமே. என்ன ஆச்சு? எங்கயும் போகாம, பாலிஷ் போட்டு, தட்டித் தட்டிப் பாத்து, கல்லாப் போச்சு. பேரன் ஓட்டறதுக்கு இப்பவே நாம எதுக்கு எடுத்து வைக்கணும்? அவனுக்கு வேணுங்கறத அவன் வாங்கிப்பான். எனக்குத் தேயற டயர் வேணும். தேஞ்சா ஓடினோம்னு அர்த்தம். நாம ரெண்டு பேரும் ஓடித் தேஞ்சா போதும், வச்சுக் கெட வேண்டாம்.”

டிரைவர் அந்த மூன்றாவது டயர்ப்பக்கம் நகர்ந்து, தடியால் தட்டினார். ‘டங்’ என்று கேட்கவில்லை. ‘தொம்’ என்றது. புருவத்தைச் சுருக்கி, இன்னொரு தடவை தட்டினார்.

“உயிர் இருக்கு,” என்றார் வேண்டாவெறுப்பாக. “இதையே போடு.”

வீட்டு முற்றத்திலேயே மாட்டுவது என்று ஏற்பாடு. மழை விட்டு நல்ல வெயில். கம்பிச் சக்கரங்களைக் கழற்றி, கம்பி முனை ட்யூபைக் குத்தாமல் இருக்க உள்ளே பட்டை ரப்பர் சுற்றி, ட்யூபுக்குப் பவுடர் தடவி, சோப்புத் தண்ணீர் விட்டு, கொழுந்தன் லீவர் போட்டு ஏற்றினான். அவள் அந்தப் பக்கம் முழங்காலால் அழுத்திப் பிடித்தாள். காற்று ஏற ஏற டயர் ரிம்மில் போய் ‘டப்’ என்று உட்கார்ந்தது. ஒவ்வொரு ‘டப்’புக்கும் அவள் ஒரு துள்ளு துள்ளினாள்.

“அண்ணி, இது வெடி இல்ல.”

“எனக்குத் தெரியும். என் உடம்புக்குத் தெரியல.”

இந்த வண்டியில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடுவில் ஒரே ஒரு நட்டு, இரண்டு காது வைத்தது. அந்தக் காதில் செம்புச் சுத்தியலால் அடித்துத்தான் முறுக்க வேண்டும். அந்த வேலையை டிரைவர் இதுவரை யாருக்கும் விட்டதில்லை. சுத்தியலை எடுத்தார். ஓங்க முடியவில்லை. கை பாதியில் நின்றது. கொழுந்தன் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். டிரைவர் சுத்தியலை அவனிடம் தரவில்லை. திரும்பி மனைவியிடம் நீட்டினார்.

“பிடி. தோளுக்கு மேல ஓங்காத, இடுப்ப வச்சு அடி. நான் காதால பாத்துக்கறேன்.”

அடித்தாள். ‘டொக்’.

“இன்னும்.”

‘டொக்’.

“இன்னும். இப்ப சத்தம் மாறும் பாரு. மாறினதும் நிறுத்திடு.”

அடுத்த அடியில் சத்தம் மாறியது. சுருதி ஏறி, சின்னக் கோயில் மணி மாதிரி ‘டிங்’ என்றது.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு அடி அடிச்சாலும் தப்பு.” அவர் கண் மினுங்கியது. அடுத்த சக்கரத்துக்கு அவரே நகர்ந்து போய்க் காதை வைத்துக்கொண்டு குந்தினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்தே மழை. பல் டாக்டர் குடையும் சிரிப்புமாக வந்து இறங்கினார். எல்லாருடைய வாயையும் பார்த்தே பேசுகிற மனிதர். தவளையைச் சுற்றி வந்தார்.

“ஒல்லியா இருக்கே டயர்?”

“அதோட அளவு அதான் டாக்டர்,” என்றாள் கடைக்காரம்மா. சாவி அவள் கையில் இருந்தது. “எடுத்துக்கிட்டுப் போறதுக்கு முன்னால ஒரு சுத்து காட்டறேன். தண்ணித் தொட்டி வரைக்கும்.”

“பேஷா!” டாக்டர் குடையை மடக்கிக்கொண்டு இடப்பக்கக் கதவில் கையை வைத்தார். இரண்டே பேர் உட்காரும் வண்டி.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து டிரைவர் வந்தார். கையில் தடி. மழையிலேயே வண்டியைச் சுற்றி வந்து நாலு டயரையும் தட்டினார். தொம், தொம், தொம், தொம். பிறகு டாக்டரின் கையைக் கதவிலிருந்து மரியாதையாக எடுத்துவிட்டார்.

“டாக்டர், நீங்க உள்ள போய் உக்காருங்க. தம்பி காப்பி போடுவான். நல்லா இருக்காது, ஆனா சூடா இருக்கும்.”

ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். நேராகப் பார்த்துக்கொண்டு, “எடு,” என்றார்.

அவள் எடுத்தாள்.

தெரு தாண்டி, பாலம் தாண்டி, மலைப்பாதை. மழை தாரையாக இறங்கியது. துடைப்பான் இரண்டும் மூச்சு வாங்கிக்கொண்டு ஆடின. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கூரை ஓட்டையிலிருந்து பழைய இடத்திலேயே சொட்டு விழுந்தது. மணல் மேடு தெரிந்தது. பாதி கரைந்து, அவர்கள் போன தடவை புதைந்த குழியோடு அப்படியே கிடந்தது. அவர் கால் தரையை மிதிக்க ஆரம்பித்தது.

“மிதிக்காதீங்க.”

“நான் மிதிக்கல.”

“எனக்குக் காலுல தெரியுது.”

கியரைக் குறைத்தாள். திருப்பினாள். ஸ்டியரிங் வெண்ணெயில் கத்தி மாதிரி போனது. முன்சக்கரம் ஈரத் தரையைக் கவ்வியது அவள் உள்ளங்கை வரை வந்தது; நல்ல அளவுச் செருப்பில் குதிகால் உட்காருகிற மாதிரி, அப்படியே உட்கார்ந்தது. தவளை சேற்றை வாரி மணலின் மேல் அடித்துவிட்டு, கோடு போட்டாற்போல வளைந்து, தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் போய் நின்றது.

எஞ்சின் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் மூச்சு விட்டாள். அவரைப் பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணாடியையே பார்த்தாள்.

“பிரேக்க மிதிச்சியா?”

“இல்ல.”

“ம்.” தன் காலுக்குக் கீழே தரையைப் பார்த்தார். “அன்னிக்கும் நீ மிதிச்சிருக்க மாட்டே.”

அவள் முந்தானையால் அவர் தலையில் விழுந்திருந்த மழைத்தண்ணீரைத் துடைத்தாள். அவர் தலையைக் காட்டினார்.

“வண்டிய இறக்கி, மறுபடி ஏத்து,” என்றார். “இந்தத் தடவ கொஞ்சம் வேகமாத் திருப்பு. பயந்துகிட்டே திருப்பினே. ஒருதரம் இதே மாதிரி மழையில, பஸ் நெறைய ஆளு, அந்தத் தூங்குமூஞ்சிக் கண்டக்டர் என்ன பண்ணான் தெரியுமா…”

வாய் திறந்துவிட்டது. வளைவில் இறங்கினார்கள், ஏறினார்கள், மறுபடி இறங்கினார்கள். கண்டக்டர் கதை முடிந்து கியர் கதை ஆரம்பித்தது. அவளுக்கு எல்லாம் கேட்ட கதைகள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டே ஓட்டினாள்.

திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. டாக்டர் இரண்டாவது டம்ளர் காப்பியோடு போராடிக்கொண்டிருந்தார். கொழுந்தன் ஓடிவந்தான்.

“ஒரு சுத்துன்னு சொல்லிட்டு எங்கண்ணே போயிட்டீங்க? வண்டிய வித்துட்டே வந்துட்டீங்களோன்னு பாத்தேன்!”

“அப்புறம்,” என்று டாக்டர் கையைத் தேய்த்துக்கொண்டார், “சாவிய வாங்கிக்கலாமா?”

டிரைவர் இறங்கினார். பதில் சொல்லாமல் முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார். சேற்றைக் கையாலேயே வழித்துவிட்டார். புது டயரில் மீசை மயிர் மாதிரி சின்னச் சின்ன ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஓரத்தில் இருந்தவை அப்படியே இருந்தன. நடுவில் ஒன்றுகூட இல்லை.

“ஏய், இங்க வா! வந்து பாரு!” என்று கூவினார். அவர் அப்படிக் கூவி அந்த முற்றம் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. “தேய ஆரம்பிச்சுடுச்சு!”

அவள் வந்து குனிந்து பார்த்தாள். கொழுந்தனும் பார்த்தான். என்ன இருக்கிறது என்று டாக்டரும் குடையை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“மன்னிச்சுக்குங்க டாக்டர்,” என்றார் டிரைவர், எழுந்திருக்க மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு. “குடுக்கறதுக்கு இல்ல. இன்னும் நாலு முழு டயர் தேய்க்க வேண்டியிருக்கு எங்களுக்கு.”